ரவுட்டர் மேல் காயும் காலுறை

வாங்க, சத்தம் போடாமல் மாடி ஏறுவோம்! மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா கடைத்தெரு. கீழே ரொட்டி சானாய் வீசும் சத்தம், மேலே ஒரு சின்ன அறை. அதற்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. 1929-இல் போ நிறுவனம் தேயிலை போட்ட இந்த மலையில், பாட்டி கொழுந்தெடுத்த குடும்பத்துப் பையன் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஐஇ எனும் வலையமைப்பு நிபுணர் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறான்.

அடடா, அறையைப் பாருங்க! கட்டிலுக்கடியில் கேபிள் சுருள்கள். மேசையில் காலி மேகி கப்புகள். யாரோ கழித்துப்போட்ட ரவுட்டர்கள் அலமாரி நிறைய இரைகின்றன. பின்பக்கம் வீசும் சூட்டில் அம்மா காலுறை காயப்போட்டிருக்கிறார். மழை விடாத ஊரில் வேறெங்கே காயும்?

சுவரில் பெரிதாக 1024. "யாரோட நம்பர் தம்பி?" சிரிக்கிறான். தேறியவருக்கெல்லாம் ஓர் எண் உண்டு. 1993-இல் தேர்வு தொடங்கியபோது முதல் எண்ணான 1024-ஐத் தேர்வுக்கூடத்துக்கே கொடுத்தார்களாம். 1025, தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. எழுதித் தேறிய முதல் ஆள் டெரி ஸ்லாட்டரி, 1026.

ஒத்திகை ஆரம்பம்! மூன்று மணி நேரம் வடிவமைப்பு, ஐந்து மணி நேரம் கட்டி ஓடவிடுவது. உதடு கட்டளைகளை முணுமுணுக்கிறது, விரல்கள் பறக்கின்றன. வெளியே எல்லாரும் ஸ்வெட்டரில் நடுங்க, இவன் நெற்றியில் வியர்வை.

தே தாரே குடிக்க அவன் கீழே இறங்கியதும், பள்ளிச் சீருடையில் தங்கச்சி நுழைகிறாள். இதுதான் நான் காத்திருந்த காட்சி! 2001 வரை இந்தத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. அப்போது தேர்வர் வெளியே போன நேரத்தில் கண்காணிப்பாளர் வலையமைப்பைக் கெடுத்து வைப்பார், வந்து சரிசெய்ய வேண்டும். அந்த வேலை இங்கே தங்கச்சிக்கு. கேபிளைத் தொடக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அவள் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாய்ப் பாடப்புத்தகத்தை விரிக்கிறாள்.

அவன் வந்து உட்காருகிறான். இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே பிங் போகிறது, ஆனால் ஒன்றையொன்று அண்டை வீடாக ஏற்க மறுக்கின்றன. முகவரி? சரி. போர்ட்? சரி. தலையைச் சொறிகிறான். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். திடீரென ஒரு கூச்சல்: "இங்க பத்து, அங்க பதினஞ்சு!" பத்து விநாடிக்கொரு முறை ஹலோ சொல்ல வேண்டியதைப் பதினைந்தாக்கியிருக்கிறாள் குறும்புக்காரி. "என்னாச்சு லா?" என்று கீழேயிருந்து கடைக்காரர் குரல் கொடுக்கிறார்.

இந்தத் தேர்ச்சியின் ரகசியமே அந்தக் கூச்சலில்தான் இருக்கிறது. கட்டத் தெரிந்தால் பாதி; கெட்டதைப் பதறாமல் தேடத் தெரிந்தால்தான் மீதி. அந்தப் பொறுமை புத்தகத்தில் வராது. தினமும் யாராவது கெடுத்துத் தர வேண்டும்.

தேர்வு பெங்களூரில். போய் வந்தவன் கேள்விகளைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது விதி. "கை நடுங்கல அண்ணே?" என்று மட்டும் தங்கச்சி கேட்டாள். "உன்னவிட அவங்க கருணையா கெடுத்திருந்தாங்க!"

அப்புறம் வந்தது மின்னஞ்சல். தேர்ச்சி! எண்ணும் வந்துவிட்டது. அம்மா காலுறையைக் கையில் பிடித்தபடி ஓடி வர, தங்கச்சி சுவரில் 1024-க்குக் கீழே அதை எழுதிவிட்டுத் திரும்பினாள்: "இதுல கடைசி ரெண்டு நம்பர் என்னோடது அண்ணே!"