கடலுக்குள் காற்றாலை... 6,853 கோடி ரூபாய் மானியம் எதற்கு?

நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குக் காற்றாலை ஒன்றும் புதிதல்ல. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. இவை அத்தனையும் நிலத்தில் நிற்பவை. அடுத்ததாக, கடலுக்கு நடுவே காற்றாலை நட வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம்.

அதற்காக 2024 ஜூன் 19 அன்று மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. நிலத்தில் நன்றாகவே ஓடும் ஒரு தொழிலுக்கு, கடலில் மட்டும் ஏன் இவ்வளவு அரசுப் பணம்?

பணம் எங்கே போகிறது?

இந்தத் தொகையில் 6,853 கோடி ரூபாய், 1,000 மெகாவாட் காற்றாலைகளுக்கு. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட். மீதி 600 கோடி ரூபாய், இந்த வேலைக்கு ஏற்றபடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. கடலில் தயாராகும் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டு வரும் பொறுப்பு பவர்கிரிட் நிறுவனத்துக்கு.

கம்பெனிகளுக்கு இது சும்மா கொடுக்கும் பணம் அல்ல. கடலில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவு அதிகம். மின்வாரியம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை குறைவு. நடுவில் விழும் பள்ளத்தை அரசு நிரப்புகிறது. கட்டப்போகும் கம்பெனியை டெண்டர் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த 1,000 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு 372 கோடி யூனிட் கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. 25 ஆண்டுக்கு 9,300 கோடி யூனிட். மானியத்தை இதற்குப் பங்கிட்டால் யூனிட்டுக்குச் சுமார் 74 பைசா. அது நம் வரிப்பணம். அதனால்தான் இந்தக் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் ஏன் செலவு அதிகம்?

நிலத்தில் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்திவிடலாம். கடலில் முதலில் அடித்தரையை ஆராய வேண்டும். பிறகு ராட்சத இரும்புத் தூண்களை இறக்க வேண்டும். அதற்கென்றே தனிக் கப்பல்கள் வேண்டும். இறக்கைகளை வைத்து ஏற்றி இறக்க அகலமான துறைமுகம் வேண்டும். கடலடியில் கேபிள் போட வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் பாகங்கள் வேண்டும். பழுதுபார்க்கப் போகிறவர்களும் கடல் அமைதியாக இருக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் நிலமே போதுமே என்று தோன்றலாம். ஆனால் கடல் காற்றுக்குத் தடை இல்லை. வேகமும் சீராக இருக்கும். நிலக் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல சீசன். அரசு சொல்லும் 372 கோடி யூனிட் என்பது, காற்றாலைகள் ஆண்டின் 42 சதவிகித நேரம் முழுத் திறனில் ஓடியதற்குச் சமம்.

முதலில் இறங்குபவருக்குத்தான் கஷ்டம்

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991-ல் டென்மார்க்கின் விண்டபி கடலில் அமைந்தது. 11 காற்றாலைகள், மொத்தமே 5 மெகாவாட்தான். 2003-ல் பிரிட்டனின் வேல்ஸ் கரைக்கு அப்பால் நார்த் ஹாயில் பண்ணை வந்தபோது, அந்த அரசு 1 கோடி பவுண்டு மானியம் கொடுத்தது.

அதன் பிறகு பிரிட்டன் முறையை மாற்றியது. கட்டும்போது மானியம் தருவதற்குப் பதிலாக, மின்சாரத்துக்கு நிச்சயமான விலையை ஒப்பந்தமாகப் போட்டுக் கொடுத்தது. 2015 ஏலத்தில் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 114 பவுண்டுக்கு மேல் இருந்த விலை, 2022 ஏலத்தில் சுமார் 37 பவுண்டுக்கு இறங்கியது. கப்பல், துறைமுகம், தொழிலாளர் அனுபவம் எல்லாம் சேரச் சேர செலவு குறைந்தது.

நமக்கும் இது புதிய கதை அல்ல. 1986-ல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் காற்றாலைகளை அரசின் ஆதரவோடுதான் முதலில் நிறுத்திக் காட்டினார்கள். பிறகு வரிச்சலுகை வந்தது, தனியார் வந்தார்கள், முப்பந்தல் காற்றாலைக் காடானது.

மானியம் மட்டும் போதுமா?

போதாது. அதே பிரிட்டனில் 2023 ஏலத்தில் ஒரு கடல் காற்றாலைக் கம்பெனிகூடப் பங்கேற்கவில்லை. இரும்பு விலையும் வட்டியும் ஏறியிருந்த நேரத்தில், அரசு வைத்த உச்ச விலை கட்டுப்படியாகவில்லை. 2024-ல் உச்ச விலையை உயர்த்திய பிறகே கம்பெனிகள் திரும்பி வந்தன.

இங்கும் அதுவே நடந்தது. குஜராத் கடலுக்கான 500 மெகாவாட் டெண்டருக்கு மானியம் உண்டு. தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு இடம் குத்தகை விடும் டெண்டரும் வந்தது. கம்பெனிகளிடம் போதிய வரவேற்பு இல்லாததால் 2025-ல் இரண்டும் ரத்தாயின. மின்சாரத்தை வாங்குவது யார், என்ன விலைக்கு என்பது உறுதியாகாமல், பணத்தை யாரும் கடலில் இறக்க மாட்டார்கள்.

கடலில் ஏற்கெனவே இருப்பவர்கள்

இன்னொரு கேள்வி உண்டு. 2023-ல் வந்த குத்தகை விதிகளின்படி, காற்றாலைக்காகக் கடல் பகுதியை 35 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம். அது ஒரு மீனவரின் தொழில் வாழ்க்கை முழுவதற்கும் சமம். காற்றாலைகளுக்கு நடுவே படகு போகலாமா? கேபிளில் வலை சிக்கினால் யார் பொறுப்பு? பிரிட்டனில் காற்றாலைகளுக்கு இடையே மீன்பிடிக்க அனுமதி உண்டு. பெல்ஜியத்தில் படகுகள் நுழையவே தடை. நம் ஊரில் எந்த வழி என்பதை டெண்டருக்கு முன்பே கடற்கரைக் கிராமங்களில் உட்கார்ந்து பேச வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் தேசியப் பூங்காவும், அழிந்துவரும் கடற்பசுவும் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த டெண்டர் வரும்போது எத்தனை கோடி என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். யூனிட் என்ன விலை, வாங்குவது யார், துறைமுகத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை உண்டா, மீனவர்களிடம் கேட்டார்களா... இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். நான்குக்கும் பதில் இருந்தால், யூனிட்டுக்கு 74 பைசா நல்ல முதலீடுதான்.