வீரமும் விவேகமும்

குளிர்நாளில் நாம் அணியும், முன்புறம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டைக்குக் கார்டிகன் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அது ஆங்கிலப் பிரபு ஒருவரின் பட்டப் பெயர். அவரே குதிரைப்படைத் தளபதி ஜேம்ஸ் புருடனெல், ஏழாம் கார்டிகன் பிரபு.

இவர் 1797-ஆம் ஆண்டு பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் பிரிட்டனில் குதிரைப்படைப் பதவிகளை விலைக்கு வாங்கலாம். 1824-இல் படையில் சேர்ந்த இவர், எட்டே ஆண்டுகளில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவரானார். தமக்குக் கீழிருந்த அதிகாரிகளோடு ஓயாமல் சச்சரவிட்டதால் 1834-இல் அப்பதவியை இழந்தார். ஆயினும் செல்வாக்கு அவரைக் கைவிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் வேறொரு படைப்பிரிவு அவர் கைக்கு வந்தது. சொந்தப் பணத்தைக் கொட்டி வீரர்களுக்குப் பகட்டான உடை அணிவித்தார்.

1854-இல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் இலகு குதிரைப்படைக்கு இவர் தளபதி. இவருக்கு மேலதிகாரி, சகோதரியின் கணவரான லூக்கன் பிரபு. இருவருக்கும் தீராத பகை. வீரர்கள் கூடாரத்தில் வாட, கார்டிகனோ துறைமுகத்தில் தம் சொந்த உல்லாசக் கப்பலில் உறங்கினார்.

அக்டோபர் 25-ஆம் நாள் பாலக்லாவாவில் போர் மூண்டது. ரஷ்யர் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துச் செல்வதைக் குன்றின்மேல் நின்ற தலைமைத் தளபதி ராக்லன் பிரபு கண்டு, அதைத் தடுக்கும்படி எழுதி அனுப்பினார். கீழே இருந்த லூக்கனுக்கு அவை தென்படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டபோது, கட்டளையைக் கொணர்ந்த கேப்டன் நோலன் பள்ளத்தாக்கின் பக்கம் கை காட்டினார். முன்னும் இருபுறமும் எதிரியின் பீரங்கிகள் உள்ளனவே என்றார் கார்டிகன். ராக்லனின் கட்டளை என்றார் லூக்கன். அதற்கு மேல் பேச்சில்லை.

ஏறத்தாழ 670 வீரர்கள் குண்டு மழைக்குள் பாய்ந்தனர். அனைவருக்கும் முன்னே சென்றவர் கார்டிகன்தான், அவர் கோழையல்லர். ஆனால் எதிரியின் பீரங்கிகளை எட்டியதும், தம் வீரர்கள் என்ன ஆனார்கள் என்று பாராமல் திரும்பிவிட்டார். சுமார் 110 பேர் மாண்டனர். 160 பேர் காயமுற்றனர். 300-க்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. கார்டிகனோ காயமின்றி மீண்டு, தாயகத்தில் மாலை மரியாதை பெற்றார். 1868-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பதவிகளை விற்கும் வழக்கம் 1871-இல் ஒழிந்தது.

தோழியரே, இவ்வாண்டு நான் வகுப்புத் தலைவி. விளையாட்டு விழா ஒத்திகையன்று சகோதரி சொன்ன இடத்தைச் சரியாகக் கேளாமல், கேட்கவும் கூசி, வகுப்பு முழுவதையும் வேறிடத்தில் வெயிலில் நிறுத்தினேன். அன்று நான் நிழலில் நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது. கீழ்ப்படிதல் நற்பண்பே. ஆனால் பிறரை நடத்திச் செல்பவருக்கு, “எங்கே? எதற்கு?” என்று பணிவோடு கேட்பதும் கடமையன்றோ? கேளாமற்போனால் விலை கொடுப்பவர்கள் பின்னால் வருபவர்களே.