கம்பெனி செட்டைக் கழற்றாமலே...

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக நடந்து வந்த அப்பா - பிள்ளை சண்டை போன ஆடி மாதம்தான் ஓய்ந்தது. சண்டைக்குக் காரணம் சொத்து அல்ல. காரில் இருக்கும் ரேடியோ!

என் மாமனார் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் 33 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ரிடையர் ஆன பணத்தில் 2012ல் ஒரு சின்ன கார் வாங்கினார். டாஷ்போர்டோடு சேர்ந்தே வந்த ரேடியோவும் சி.டி.யும் அதில் உண்டு. கடைக்காரர்கள் அதைக் 'கம்பெனி செட்' என்பார்கள். திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது. வருடக்கணக்கில் வெயிலில் நின்றதில் ஸ்பீக்கர் கரகரவென்று ஆகிவிட்டது. செய்தி வாசிக்கிறவர் தொண்டை கட்டியவர் மாதிரி பேசுவார். பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மாமாவுக்குக் காது வேறு கொஞ்சம் மந்தம்.

என் கணவருக்குப் பெரிய டச் ஸ்கிரீன் போட வேண்டும் என்று ஆசை. "ஆபீஸ்ல எல்லார் வண்டியிலயும் இருக்கு. நம்ம வண்டியில ஏறினா பழைய காயலான் கடை மாதிரி இருக்கு" என்பார். மாமாவோ, "கம்பெனிக்காரன் போட்டதுல கை வைக்கக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். இரண்டு பேரும் காரில் ஏறினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நானும் என் கணவர் பக்கம்தான். வயசானவரின் வீம்பு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பொங்கலுக்கு முன் காரைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வட்டக் குமிழின் இடது பக்கம் மட்டும் வரிகளே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுகிறவர் கை படும் வலது பக்கம் புதுசு போல இருந்தது. இடது பக்க சீட்டில் ஒன்பது வருடம் உட்கார்ந்து வந்தது என் மாமியார். நல்ல பாட்டு வந்தால் அத்தை சத்தத்தைக் கூட்டுவார், மாமா குறைப்பார், அத்தை மறுபடி கூட்டுவார். 2021ல் அத்தை போய்விட்டார்.

துணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா வாய் திறந்து சொல்லாததை மருமகள் போய்ச் சொன்னால் நன்றாக இருக்குமா? ஆனால் அந்த செட் அங்கேயேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் காரில் போன ஐப்பசியில் ஸ்கிரீனும் ஆம்ப்ளிஃபயரும் போட்டார். கடைப் பையன் கம்பெனி ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டான். பேட்டரியிலிருந்து வந்த ஒயரில் ஃப்யூஸ் இல்லை. ஒரு மழை நாளில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சிக்னலில் நிற்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து புகை! நல்லவேளை, எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லி என் கணவரைக் கொஞ்சம் பயமுறுத்தினேன். தப்பில்லையே!

ஒரு சனிக்கிழமை இருவரும் ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரல் போய், அங்கிருந்து ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். அதுதான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் வேண்டுமென்றால் சென்னையில் எல்லாரும் போகும் இடம். ஒரு கடையில் இருந்த வயதான மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "முன்னாடி தெரியறது முகம்தாம்மா. குரல் கதவுக்குள்ள இருக்கு. குரலை மாத்தினா போதும்" என்றார். என் கணவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காரோடு வரும் சாதாரண ஸ்பீக்கரில் பெரும்பாலும் காகிதக் கூம்புதான் இருக்கும். பத்து வருட வெயிலில் அதன் ஓரம் காய்ந்து வெடித்துவிடும், கரகரப்பு அங்கிருந்துதான். செட்டின் மேல் 50 வாட் என்று எழுதியிருந்தாலும் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து அது கொடுப்பது 15, 20 வாட்தான். அதனால் பெட்டியில் பெரிய வாட் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 90க்கு மேல் இருந்தால் குறைந்த சக்தியிலும் கணீரென்று பேசும். அது 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு சக்தி வேண்டுமாம். 4 ஓம் இருக்கிறதா என்பதையும் பார்த்து, ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினோம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சின்னக் கடையில் வேலை நடந்தது. மாமா ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ஸ்குருவையும் வாங்கிக் காகிதத்தில் வரிசையாக வைத்தார். வேலை செய்த தம்பி முதலில், "ஐயா, நீங்க உள்ள போய் ஃபேன் கீழ உக்காருங்க" என்றான். மாமா அசையவில்லை. நல்லதுதான் ஆயிற்று!

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கிறது. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அவசரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டால், கார்த்திகை மழையில் கால்மிதி நனைந்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். மாமா அதைப் பத்திரமாக உரிக்கச் சொல்லி, திரும்ப ஒட்ட வைத்தார். இன்னொன்று, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்தாராம். புது ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருந்ததால் கண்ணாடி அதில் இடித்தது. தம்பி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தான். வெளியே அதே பழைய ஜாலி. கதவில் புது ஓட்டை எதுவும் போடவில்லை. ஒயரையும் வெட்டவில்லை. கம்பெனி கப்ளரில் அப்படியே செருகும் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்குப் பார்த்து அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கதவுத் தகட்டில் டேம்பிங் ஷீட் என்று ஒன்றும் ஒட்டினான். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் தார் மாதிரி பிசுபிசுப்பு. காலி எண்ணெய் டின்னைத் தட்டினால் எப்படி அதிரும்? அதையே அரிசி நிரப்பிவிட்டுத் தட்டிப் பாருங்கள்! அதேதான் விஷயம். ஸ்பீக்கரை விட இந்த ஷீட்டால் வந்த வித்தியாசம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. இல்லையென்றால் கதவு துருப்பிடித்துவிடும்.

என் கணவருக்காக செல்போன் பாட்டுக்கும் வழி செய்தோம். கியருக்கு முன்னால் மூடி போட்ட ஒரு குழியில் ஆக்ஸ் ஓட்டை இருந்தது. அதில் கட்டைவிரல் அளவு ப்ளூடூத் கருவி. மூடியைச் சாத்திவிட்டால் இருப்பதே தெரியாது. அவரும் கொஞ்சம் சமாதானமானார்.

வைகாசியில் அவர் விடாமல் கேட்டதால், ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வைத்தோம். இதற்குத்தான் நான் பயந்தேன். பழைய செட்டில் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஒயர் வெளியே வராது. அதனால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சத்தத்தை எடுத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வைத்திருக்கிறானா என்று பானெட்டைத் திறக்கச் சொல்லி நானே பார்த்தேன். "அக்கா, நீங்க மெக்கானிக்கா?" என்றான் அந்தத் தம்பி. "இல்லப்பா, மிக்ஸி, கிரைண்டர் வச்சிருக்கிறவ" என்றேன். வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றினால் சில செட்டுகள் திரும்ப ரகசிய எண் கேட்கும். வண்டிப் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் சேர்த்து 13 ஆயிரம் சொச்சம். என் சீட்டுப் பணத்தில்தான். டச் ஸ்கிரீனுக்கு என் கணவர் போட்ட கணக்கு அதைவிட அதிகம்! பழைய ஸ்பீக்கர்களை மாமா துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஆம்ப்ளிஃபயரையும் சொல்லிச் சேர்த்துவிட்டோம். தனியாகச் சேர்க்காவிட்டால் அதற்குப் பணம் வராது.

ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஒரு விஷயம் படித்துச் சொன்னான். மோட்டோரோலா என்ற பெயரே காருக்குள் வைக்கும் ரேடியோவுக்காக 1930ல் அமெரிக்காவில் வைத்த பெயராம். உடனே மாமா, "எஃப்.எம். ரேடியோ இந்தியாவில முதல்ல வந்தது நம்ம மெட்ராஸ்லதான்டா, 1977ல" என்று ஆரம்பித்துவிட்டார். தாத்தாவும் பேரனும் அரை மணி நேரம் பேசினார்கள்.

ஆடி இரண்டாம் வெள்ளி திருவேற்காட்டுக்குக் கிளம்பினோம். மாமா முன் சீட்டில், இடது பக்கம். பூந்தமல்லி ரோடு வந்ததும் எஃப்.எம்.மில் ஒரு பழைய பாட்டு. வீணைச் சத்தம் தனியாகக் கேட்டது. மாமா கையை நீட்டி அந்தக் குமிழைத் திருகினார். குறைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கூட்டினார்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

- ஒரு வாசகி, திருமுல்லைவாயல்.