வளரும் பிள்ளை தூங்கட்டும்!



"ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கான். காலையில எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறான். சரியான சோம்பேறி!"

பீர்க்கன்கரணையில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் பொறுமையாகப் படியுங்கள்.

இது சோம்பேறித்தனமா?

இல்லை. நம் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகலா இரவா என்று தெரியாத தனி அறையில் ஆட்களைப் பல நாள் தங்க வைத்து ஆராய்ந்தார்கள். நேரம் காட்ட எதுவும் இல்லாதபோதும், உடம்பு தன் கணக்குப்படியே தூங்கி விழித்தது.

பதின்வயதில் இந்தக் கடிகாரம் சற்றுப் பின்தங்கி ஓடும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதமாகவே சுரக்கும். கைப்பேசி வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம். டியூஷன், வீட்டுப்பாடம் முடித்து 12 மணிக்குப் படுக்கும் பிள்ளை, பெருங்களத்தூரில் ரயில் பிடிக்க 5.30-க்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான். ஆறு நாளில் 15 மணி நேரம் கடன்! ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வட்டிக்குத்தான் காணும்.

குறைந்தால் என்ன ஆகும்?

பகலில் படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. வளர்ச்சிச் சுரப்பு அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். எரிச்சலும் மனச்சோர்வும் கூடும். தூக்கக் கலக்கத்தோடு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசி, தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பெரியவர்களும்தான்!

2. மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

3. காலையில் சிறிது நேரம் மொட்டை மாடி வெயிலில் நிற்கட்டும். கடிகாரம் சரியாகும்.

4. கொசுத் தொல்லை இருந்தால் கொசுவலை கட்டுங்கள்.

5. பெண் பிள்ளைக்கும் இதே அளவு தூக்கம் வேண்டும். இரவில் பாத்திரம் தேய்ப்பது அவள் ஒருத்தி வேலை அல்ல, எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

6. தேர்வு நாட்களிலும் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

பலத்த குறட்டை, பல வாரம் நீடிக்கும் தூக்கமின்மை, யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருப்பது ஆகியவை தெரிந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். நீங்களாக மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

இன்று இரவு விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள். தூங்கும் பிள்ளை சோம்பேறி அல்ல; வளரும் பிள்ளை!