போன வழியே திரும்பாத பயணம்

எங்கள் ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது. ஆனால் அது தமிழறிஞர் மறைமலை அடிகளாரின் நினைவாக இடப்பட்ட பெயரேயன்றி எந்த மலையையும் குறிப்பதன்று. மலையேறும் ஆசை வந்தால் செங்கற்பட்டுக்குப் போய், அங்கிருந்து 14 கி.மீ. தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்திற்குப் பேருந்து ஏறுவோம். சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமியன்று என் வகுப்புத் தோழியின் குடும்பத்தாருடன் அங்குச் சென்றிருந்தேன். அவர்கள் மலையை வலம் வந்தார்கள். நானும் உடன் நடந்தேன்.

பாதி தூரத்தில் தோழியின் தம்பி கால் வலிக்கிறதென்று சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். "வந்த வழியே திரும்பிப் போய்விடலாம், பாட்டி" என்று அழத் தொடங்கினான். பாட்டி சிரித்துக்கொண்டே, "வந்த வழியும் இவ்வளவு தூரந்தான், போகிற வழியும் இவ்வளவு தூரந்தான். எதில் போகிறாய், சொல்" என்றார்கள். அவன் விழித்தான். நானுந்தான்! சுற்றுப் பாதை என்பதன் முழு இலக்கணமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

மலைப் பாதைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஏறிய வழியே இறங்குவது ஒன்று. எவரெஸ்ட் சிகரத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றனர். 1984 மே 23 அன்று பச்சேந்திரி பால் அம்மையார் உச்சியை அடைந்தார். 2023இல் அதே மே 23 அன்று நம் தமிழகத்தின் முத்தமிழ்ச்செல்வி அடைந்தார். இத்தகைய பாதையில் ஒரு வசதி உண்டு. எந்த இடத்தில் மனம் தளர்ந்தாலும் திரும்பிவிடலாம்; அறிந்த வழிதான்.

மற்றொன்று சுற்றுப் பாதை. புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வோம், ஆனால் ஒரே வழியை இருமுறை மிதிக்க மாட்டோம். திருக்கழுக்குன்றத்து மலைமேல் ஏறுவதற்கு 565 படிகள் உள்ளன. இறங்குவதற்கு வேறு வழி. இறங்கும் வழியில்தான் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அதில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். (சுவரில் பெயர் எழுதும் வழக்கம் நம் வகுப்பு மாணவியர் கண்டுபிடித்தது அன்று!) ஏறிய வழியே இறங்கியிருந்தால் இதைக் கண்டிருக்கவே மாட்டோம். நம் பரங்கிமலையிலும் படி வழியே ஏறிச் சென்று தூய தோமையார் திருத்தலத்தில் செபித்துவிட்டு, வண்டிகள் செல்லும் பாதையில் இறங்கினால் அதுவும் ஒரு சிறு சுற்றுதான்.

உலகில் புகழ்பெற்ற சுற்றுப் பாதை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் உள்ளது. மோன் பிளாங்க் என்னும் சிகரம் சுமார் 4,800 மீட்டர் உயரம் உடையது. அம்மலைத் தொகுதியைச் சுற்றி பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக ஏறத்தாழ 170 கி.மீ. நீளத்திற்கு நடைபாதை செல்கிறது. விந்தை என்னவென்றால், மனிதர் இம்மலையின் உச்சியைத் தொடுமுன்பே இதைச் சுற்றி வந்துவிட்டனர். ஜெனீவா நகரத்து அறிஞர் சோசூர் 1767இல் சுற்றி நடந்தார். உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர்கள் பால்மா, பக்கார் என்னும் இருவர். அது 1786 ஆகஸ்டு 8இல்தான். 1808இல் மரி பாரதி என்ற பணிப்பெண் ஏறி, அவ்வுச்சியை அடைந்த முதல் பெண்மணி ஆனார்.

ஆல்ப்ஸ் என்றதும் பனியும் கோடரியும் கயிறும் நம் கண்முன் தோன்றும். ஆனால் சுற்றுப் பாதை உச்சிக்குச் செல்வதில்லை. கணவாய் கணவாயாக ஏறி இறங்குகிறது. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே அது கடக்கும் பெரிய ஃபெரே கணவாயின் உயரம் 2,537 மீட்டர். நம் உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! எனவே கோடைக்காலத்தில் நல்ல கால்களும் நல்ல காலணிகளும் உள்ளவர்கள் அங்கே நடக்கலாம்.

எத்தனை நாள் ஆகும்? இதற்கு நெயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஓர் எளிய கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஏறும் ஒவ்வோர் 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். மோன் பிளாங்க் சுற்றில் ஏறும் உயரங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். 170ஐ ஐந்தால் வகுத்தால் 34 மணி. பத்தாயிரத்தை அறுநூறால் வகுத்தால் ஏறக்குறைய 17 மணி. ஆக 51 மணி நேர நடை. பத்து நாட்களில் நடப்பதாயின் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம். ஓய்வும் உணவும் இக்கணக்கில் சேரா. திருக்கழுக்குன்றத்திற்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சுமார் 500 அடி உயரத்திற்கு ஏறும் நேரமாகக் கால் மணிதான் வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றும் நேரத்தை நெயிஸ்மித் சேர்க்கவில்லை போலும்.

இனி பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். சுற்றுப் பாதையில் பாதி தூரம் கடந்துவிட்டால் திரும்புவது முன்னே செல்வதைவிட நீண்டதாகிவிடும். ஆனால் முன்னே உள்ள வழியோ நாம் காணாத வழி. ஆகவே இப்பாதையில் உச்சியைவிட முக்கியமானது அந்தப் பாதி இடமே. அங்கே எத்தனை மணிக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்ய வேண்டும். களைத்துப் போன பிறகு செய்யும் முடிவு சரியாக இராது. இடையில் வெளியேறும் வழியும் வேண்டும். மோன் பிளாங்க் பாதை ஊர்களைத் தொட்டுச் செல்வதால் அந்த வழி கிடைக்கிறது. இத்தாலியப் பக்கத்துக் கூர்மாயர் ஊரில் ஒருவருக்கு நோய் கண்டால், 1965இல் திறக்கப்பட்ட 11.6 கி.மீ. நீளச் சுரங்கப் பாதை வழியே மலையின் மறுபக்கம் பிரான்சுக்கு வண்டியில் போய்விடலாம்.

மலையின் இந்த அருமையை அறிந்த திருத்தந்தை ஒருவர் இருந்தார். பதினோராம் பத்திநாதர், குருவாக இருந்த நாட்களில் சிறந்த மலையேறுபவர். 1889இல் மோன்டே ரோசா மலையில் இத்தாலியப் பக்கம் ஏறி, உச்சிக்கு அருகில் ஓர் இரவைக் கடுங்குளிரில் கழித்து, சுவிட்சர்லாந்துப் பக்கம் இறங்கினார். மறு ஆண்டு மோன் பிளாங்க் உச்சியிலிருந்து அவர் இறங்கிவந்த புதிய வழிக்கு இன்றும் 'பாப்பரசர் வழி' என்றே பெயர். 1923இல் அவர் மெந்தோன் நகரத்துப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். இப்புனிதர் 11ஆம் நூற்றாண்டில் 2,469 மீட்டர் உயரக் கணவாயில் பயணிகளுக்காக நிறுவிய துறவியர் இல்லம் இன்றும் இருக்கிறது. பனியில் வழி தவறியோரைத் தேடிச் சென்ற பெரிய நாய்கள் அங்கே வளர்ந்தவைதாம்.

நம் மலைகளில் பனி இல்லை, நெருப்பு உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் இளம் பெண்கள். மார்ச்சு மாதத்தில் காய்ந்து கிடக்கும் புல்லில் தீ மனிதரைவிட வேகமாக ஓடும். அதுவும் மேல்நோக்கி இன்னும் வேகமாக ஓடும். காலம் தவறினால் பழகிய கால்களும் உதவா. அதனால்தான் வனத்துறையின் அனுமதியும், அக்காட்டை அறிந்த வழிகாட்டியும் வேண்டும் என்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளுடன் தொடங்கியது. அதில் மலைவாழ் மக்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள்.

குரங்கணியைச் சொல்லித்தான் என் அம்மா, "பெண் பிள்ளைக்கு மலை எதற்கு?" என்று மறுத்து வந்தார்கள். நான் வாதாடவில்லை. அடுத்த முறை திருக்கழுக்குன்றம் செல்ல அனுமதி கேட்டபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்தப் பேருந்து, யார் யார் வருகிறோம், எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவோம், எத்தனை மணிக்குள் பாதி வழி சேராவிட்டால் ஏறுவதைக் கைவிடுவோம், வீடு திரும்பும் நேரம் எது. அம்மா இருமுறை படித்தார்கள். பேனாவை வாங்கிக் கடைசி வரியில் 'ஆறு மணி' என்றிருந்ததை 'ஐந்தரை' என்று திருத்தி, தாளை நாட்காட்டி ஆணியில் செருகி வைத்தார்கள்.