வேம்புக்கும் வாழைக்கும் நடுவே ஒரு விரிசல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.இ. தான், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்டடம் பற்றி நான் படித்ததெல்லாம் கடந்த நாலு வருஷத்தில், அதுவும் சொந்த வீட்டுச் சுவர் படிக்க வைத்ததால்.

அப்பா 1986-ல் கட்டிய வீடு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பக்கம், ஏரிக்குக் கீழே இருந்த வயலை மனையாக்கிய இடம். அப்பா போய்விட்டார். அம்மா தனியாக இருக்கிறாள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது வடமேற்கு அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் விட்டது. மேஸ்திரி வந்து சிமென்ட் வைத்து அடைத்தார். அடுத்த வருஷம் மறுபடி. மூணாவது முறை அடைத்தபோது பழைய விரிசல் அப்படியே இருக்க, அதற்கு அரை அடி தள்ளிப் புதுசாக ஒன்று பிறந்தது. "சுவத்துக்குள்ள கைய விடலாம் போல இருக்குடா"ன்னு அம்மா போன் பண்ணினாள்.

பக்கத்து வீட்டுக்காரர், மேஸ்திரி, என் மாமா எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: வேப்பமரத்தை வெட்டு. வீடு குடிபோன வருஷம் அப்பா வைத்த மரம், சுவரிலிருந்து பத்தடியில் நிற்கிறது. அம்மா பதில் சொல்லவில்லை. மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் கொஞ்சம் டைம் கேட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கே என்று தெரியாமல் கோடைத் தொடக்கூடாது, முதலில் லாக் எடு. அதையே சுவரில் செய்தேன். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். நடுவில் இரண்டு பக்கமும் சின்ன ஆணி வைத்து, வெர்னியர் காலிப்பரால் மாசம் ஒருமுறை இடைவெளியை அளந்து எக்செல்லில் ஏற்றினேன். பதினாலு மாசம். ஜூனில் 4.5 மில்லிமீட்டர் திறந்திருந்த விரிசல், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து டிசம்பர் கடைசியில் 0.8-க்கு வந்தது. அடுத்த ஜூனில் மறுபடி 4.4.

சுவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது அந்த கிராஃப். அதாவது சுவர் உடையவில்லை, ஆடுகிறது. இரண்டும் வேறு வேறு வியாதி.

ஆடுவதற்குக் காரணம் களி. நம் பக்கத்துக் களிமண்ணில் சில வகைத் துகள்கள் தாள் அடுக்கு மாதிரி இருக்கும். தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்து தாள்களை விலக்கும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கும். மே மாசம் வயலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதேதான் வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. நம் மண் எவ்வளவு உப்பும் என்று வீட்டிலேயே பார்க்கலாம், இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிற சோதனைதான். மண்ணை உலர்த்திப் பொடித்து நைசாகச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவு ஜாடியில் போட வேண்டும். ஒன்றில் வாலைத்தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் போதும்), இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதுதான் சூட்சுமம். 24 மணி நேரம் கழித்து என் ஜாடிகளில் தண்ணீரில் 19 மில்லி, மண்ணெண்ணெயில் 12 மில்லி. வித்தியாசம் 7, அது 12-இல் 58 சதவீதம். சாதாரண அஸ்திவாரத்தை நிம்மதியாகப் போடக்கூடிய மண் இல்லை. (அந்த அரை லிட்டர் மண்ணெண்ணெய்க்கு நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை.)

இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு அஸ்திவாரத்தை உருவாக்கியது. ஈரம் ஏறி இறங்குகிற மேல் மண்ணைத் தாண்டி, ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் வரை தூண் இறங்கும். அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ் இருக்கும். மேல் மண் எப்படிக் குதித்தாலும் குமிழ் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். புதுசாகக் கட்டுகிறவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். 1986-ல் எங்கள் மனையில் மூணு அடி தோண்டி கருங்கல் போட்டுக் கட்டினார்கள். அதற்கு இனி எதுவும் செய்ய முடியாது.

ஆனால் களி மொத்தமாக உப்பி மொத்தமாக இறங்கினால் வீடும் சேர்ந்து ஏறி இறங்கிவிட்டுப் போகும், விரிசல் வராது. பிரச்சினை ஒரு பக்கம் ஈரமாகவும் இன்னொரு பக்கம் காய்ந்தும் இருக்கும்போது மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. விரிசலின் வடிவமே அதைச் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அது மேலே அகலம், கீழே குறுகல். மூலை கீழே இறங்கி வெளிப்பக்கம் சாய்ந்தால் அப்படித்தான் வரும். தலைகீழாக, கீழே அகலமாக இருந்திருந்தால் சுவரின் நடுப்பகுதி தொய்கிறது என்று அர்த்தம்.

ஆக, வடமேற்கு மூலை கோடையில் இறங்குகிறது. வேம்பு அங்கேதான் இருக்கிறது. மேஸ்திரி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி தென்கிழக்கில் இருந்தது. அங்கே சமையலறைத் தண்ணீர் நேராக வாழைக்குப் போகிறது. அதுவும் அப்பா செய்த ஏற்பாடு, முப்பத்தைந்து வருஷமாக. ஒரு மூலையில் மரம் உறிஞ்சுகிறது, எதிர் மூலையில் நாம் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். வீடு நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்கிறது.

மரத்தை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? களிமண்ணில் முதிர்ந்த மரத்தை வெட்டினால், அது அத்தனை வருஷம் காயவைத்திருந்த மண் மெல்ல மெல்ல ஈரம் ஏறி உப்பும். சில வருஷங்கள் நீளலாம். இறங்கின மூலை அப்போது மேலே தூக்கும். வீட்டை விட வயதான மரமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மண் காய்ந்திருந்த நிலையில் அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் 1976 வறட்சியில் களிமண் மேல் இருந்த வீடுகள் வரிசையாக விரிசல் விட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிகள் திணறின. மரமும் களியும் அங்கே பெரிய பாடமானது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இன்னொரு ஞாபகம் வந்தது. ஆன்சைட்டில் டல்லாஸில் இருந்தபோது, ஒரு தெலுங்கு நண்பர் கோடையில் வீட்டைச் சுற்றி ஓட்டை போட்ட ரப்பர் குழாயைப் போட்டு சாயங்காலம் தண்ணீர் திறந்துவிடுவார். புல்லுக்கா என்று கேட்டேன். "ஃபவுண்டேஷனுக்கு" என்றார். நான் சிரித்தேன். டல்லாஸும் களிமண் ஊர், அங்கே இது சாதாரண வீட்டு வேலை.

நாங்கள் செய்தது இதுதான். சமையலறைத் தண்ணீரை பிவிசி பைப்பில் இருபது அடி தள்ளிக் கொண்டுபோய், வாழைக்கன்றுகளையும் அங்கேயே மாற்றினோம். மொட்டைமாடித் தண்ணீர் சுவர் ஓரமாகவே கொட்டிக்கொண்டிருந்தது, அதையும் வெளியே இழுத்தோம். வீட்டைச் சுற்றி மூணு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வாக ஒரு நடைமேடை போட்டோம். சுவர் ஓரத்து மண் மழையில் திடீரென்று நனையாது, வெயிலில் திடீரென்று காயாது. வேம்பை இரண்டு தவணையாகக் கவாத்து செய்தோம். இலை குறைந்தால் மரம் குடிப்பதும் குறையும். பங்குனியிலிருந்து ஆனி வரை மரத்தின் வெளிப்பக்கத்தில், சுவரிலிருந்து தள்ளி, சொட்டுநீர்க் குழாய். அதன் தாகத்தை அங்கேயே தீர்த்துவிடுவதுதான் நோக்கம்.

சிமென்ட் ஏன் மூணு முறையும் தோற்றது என்பதும் இப்போது விளங்கியது. கோடையில் விரிசல் திறந்திருக்கும்போது கெட்டியான சிமென்டைத் திணிக்கிறோம். மழைக்காலத்தில் மண் உப்பி விரிசல் மூடப் பார்க்கிறது, முடியவில்லை. நடுவில் ஆப்பு அடித்தாயிற்றே! அதனால் சுவர் வேறு இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. நாமே விரிசலை வளர்த்திருக்கிறோம்.

இதையெல்லாம் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிற அத்தையிடம் சொன்னேன். "என் வீட்டயும் வந்து பாருப்பா, பூசி அஞ்சு வருஷம்கூட ஆவல, பூச்சு மறுபடி பொரிஞ்சு கொட்டுது" என்றாள். போனேன். அங்கே களியே இல்லை, சுத்தக் கடல் மணல், விரிசலும் இல்லை. ஆனால் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம், வெள்ளை வெள்ளையாக உப்பு. அது பழைய சுண்ணாம்புக் காரை வீடு. அஞ்சு வருஷத்துக்கு முன் காரையைச் சுரண்டிவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்ட் பூசியிருக்கிறார்கள்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இதுதான் பொது வியாதி. நிலத்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாக மேலேறும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும், கீழே இறங்கினால் மறுபடி பரலாகும். மழையில் டப்பா உப்பு கசிவது அதனால்தான். கடலோரத்தில் இந்த எல்லையை ராத்திரி ஒருமுறை, பகலில் ஒருமுறை தாண்டிவிடும் நாட்கள் நிறைய. ஒவ்வொரு முறை பரலாகும்போதும் செங்கல்லின் நுண்துளையை உள்ளிருந்து நெம்புகிறது. மழையே இல்லாத மாசத்திலும் சுவர் ஏன் நனைகிறது என்ற அத்தையின் கேள்விக்கு இதுதான் பதில்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு தான் உதிரும், செங்கல் பிழைக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை பூச்சை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சிமென்ட் வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பரலாகும். அத்தை வீட்டு மதில் சுவரில் கண்கூடாகப் பார்த்தேன்: செங்கல் ரெண்டு அங்குலம் அரித்துப் போய், நடுவில் சிமென்ட் இணைப்புகள் மட்டும் தேன்கூடு சட்டம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

செங்கல்லும் சுண்ணாம்பும் இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை. அத்தை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது, பல்லவர் காலக் கல் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நாலும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டிருக்கிறான் என்றால், அதுவரை எல்லாரும் அவற்றில்தான் கட்டினார்கள் என்றுதானே பொருள்? (செங்கல்பட்டு என்ற பேருக்கும் செங்கல்லுக்கும் சம்பந்தமில்லை. அது செங்கழுநீர்ப்பட்டு, பூவின் பேர்.)

கல்லையும் உப்பு விடவில்லை. கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை ஈரக் காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கூழ் காயும்போது உப்பு அதற்குள் வந்துவிடும், உரித்துப் போட்டுவிடலாம். அத்தை வீட்டில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, அதையே பழைய பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்துச் செய்தோம். மூணு முறை. பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு மாசம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூணு பங்கு உப்பில்லாத ஆற்று மணல், கடுக்காய் ஊறின தண்ணீர், கொஞ்சம் வெல்லம் சேர்த்து மெல்லிசாக இரண்டு பூச்சு. கொத்தனார், "சார், இது ஆவற வேலை இல்ல, காயவே காயாது" என்றார். பாதி உண்மை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். கண்ணில் பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பொசுக்கிவிடும். பெயின்ட் அடிக்கக் கூடாது, வெள்ளைதான். "பழைய வீடு மாதிரியே ஆயிடுச்சு" என்று அத்தை சொன்னது பாராட்டா குறையா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா வீட்டுக்கு வருகிறேன். வேலைகள் முடிந்து ஒரு கோடை போய்விட்டது. இந்த ஜூனில் விரிசல் 1.9 மில்லிமீட்டர். நிற்கவில்லை, ஆனால் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. இன்னொரு கோடையையும் பார்த்துவிட்டு, பழைய சிமென்ட் ஆப்புகளை எடுத்து, நாலு வரிசைக்கு ஒரு முறை இணைப்பைச் சுரண்டி 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்து, விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் மூடலாம் என்று இருக்கிறேன். சாதாரணக் கம்பி வைத்தால் அது துருப்பிடித்து உப்பி மறுபடி சுவரைப் பிளக்கும்.

மேஸ்திரி இன்னமும் மரத்தைத்தான் குறை சொல்கிறார். பென்சில் கோடுகளை மட்டும் வெள்ளையடிக்கும்போது அழித்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போனபோது பார்த்தேன், நான் இல்லாத மாசத்துக்கு அவளே ஸ்கேல் வைத்து அளந்து தேதி போட்டிருக்கிறாள்.