சக்கரத்தில் படியும் கரும்பொடி

நெடுந்தொலைவு ஓடிவந்து நிற்கும் மோட்டார் கார் ஒன்றின் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்கள் இரண்டும் பின்சக்கரங்களைக் காட்டிலும் கறுத்திருக்கும். சாலைப் புழுதிதான் காரணமென்றால் நான்கும் ஒரே அளவில் அழுக்கேறியிருக்க வேண்டுமன்றோ? அன்றியும், எங்கள் செஞ்சி வட்டாரத்துப் புழுதி செந்நிறமானது. இந்தப் பொடியோ கருமை. இது சாலையிலிருந்து ஒட்டிக்கொண்டதன்று. வண்டி தன்னைத்தானே தேய்த்து உண்டாக்கிய பொடி. பிரேக்குப் பொடி என்று இதனை அழைக்கிறோம்.

ஓடும் வண்டியை நிறுத்துவது என்பதன் பொருள் யாது? பௌதிகம் பயில்வோர் உடனே விடை கூறுவர்: இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே அது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து ஏறத்தாழ 78 பாகைக்குச் சூடேற்ற இந்த ஆற்றல் போதும். ஓட்டுநர் காலை அழுத்திய சில நொடிகளுக்குள் இவ்வளவு வெப்பமும் உராய்வினால் பிறக்கிறது. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களின் பிரேக்குகளே பெரும்பங்கு வேலை செய்கின்றன. ஆகவே அங்கே பொடியும் மிகுதி. வேறொரு காரணமும் உண்டு. முன்னே இருப்பது டிஸ்க் எனப்படும் திறந்த தட்டு. அதில் தேயும் பொடி வெளியே பறந்து சக்கரத்தில் படிகிறது. பல கார்களில் பின்னே இருப்பது டிரம் எனப்படும் மூடிய குடம். அதில் தேயும் பொடி உள்ளேயே தங்கிவிடுகிறது. பின்சக்கரம் வெளியே தூய்மையாகத் தோன்றுவதைக் கண்டு ஏமாறலாகாது. அதன் பொடி திறப்பவனுக்காகக் காத்திருக்கிறது.

இப்பொடியில் என்னென்ன உள்ளன? தட்டு வார்ப்பிரும்பு. அதனைக் கவ்விப் பிடிக்கும் பேட்டில் எஃகு நார், செம்பு அல்லது பித்தளைத் துகள், கிராபைட்டு, பேரியம் சல்பேட்டு முதலியவற்றைப் பிசின் கொண்டு இறுக்கியிருப்பார்கள். இவை யாவும் தேய்ந்து நுண்துகளாகின்றன. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் கனமுடையது. பிரேக்குப் பொடியிலோ 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மிகப்பல, 2.5 மைக்ரானுக்குக் குறைந்தனவும் உள்ளன. பெரிய துகள்களை மூக்கிலுள்ள மயிரும் சளியும் பிடித்துக்கொள்ளும். மிகச் சிறியன நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே வீட்டினுள் விழும் வெயிற்கற்றையில் தூசுகள் மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மைக்ரான் அளவுள்ள துகள் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வந்துசேர, அசைவற்ற காற்றிலும், மணிக்கணக்கில் ஆகும். கண்ணுக்குத் தெரியும் கரும்பொடி தரையில் விழுந்துவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது இதனால்தான் தவறு.

இனி, இவற்றினும் கொடிய ஒரு பொருளைப் பற்றிக் கூறவேண்டும்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ஆம் ஆண்டில் வண்டிகளுக்கான பிரேக்கு லைனிங் செய்யும் முயற்சியில் இறங்கினார். மலைச்சரிவில் பாரவண்டி இறங்கும்போது வண்டிக்காரர்கள் பழைய பூட்சைச் சக்கரத்தில் செருகி வேகத்தைத் தணித்ததைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். முதலில் அவர் கையாண்ட பொருள்கள் மோட்டார் வண்டியின் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்நார் அவ்விடத்தைப் பிடித்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் வழங்கும் அப்பொருளுக்குத் தமிழில் கல்நார் என்று பெயரிட்டவர் யாரோ அறியேன். மிகப் பொருத்தமான பெயர். அது கல்தான், ஆனால் பஞ்சைப் போல நார் நாராகப் பிரியும். நெருப்பில் வேகாது. அணைக்க முடியாதது என்பதே அதன் கிரேக்கப் பெயரின் பொருள். விலையும் மலிவு. பிரேக்குக்கு இதனினும் ஏற்ற பொருள் வேறில்லை என்று பல பத்தாண்டுகள் உலகம் நம்பியது.

அதன் குற்றம் மெல்லவே வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலைசெய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-இல் இறந்தார். அவருக்கு வயது 33. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து, அதில் கல்நார்த் துகள்கள் நிறைந்திருந்ததை எழுதினார். கல்நாரால் உண்டாகும் அந்நோய்க்கு 1927-இல் தனிப்பெயரும் வந்தது. 1931-இல் இங்கிலாந்து ஆலைகளுக்குத் தூசு பற்றிய விதிகளை இயற்றியது. கல்நார் நாரிழை ஊசிபோல் கூரியது. நுரையீரலில் தைத்தால் உடலால் அதைக் கரைக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோயும் வரும். இதில் மிகக் கொடுமையானது காலம்தான். இழையை மூச்சில் இழுத்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே 20, 30, சிலருக்கு 40 ஆண்டுகள்கூடச் சென்றுவிடும். பதினாறு வயதில் சுவாசித்ததற்கு ஐம்பது வயதில் கணக்குத் தீர்க்க நேரும்.

பிரேக்கின் கடும் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது என்பது உண்மையே. எனினும் மாறாமல் எஞ்சும் இழைகளும் பொடியில் உள்ளன. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முற்றும் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இல் விலக்கியது. நம் நாட்டில் அத்தகைய முழுத்தடை இல்லை. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைக்கத்தக்கது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலக் குறிப்பையும், வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகளுக்கோ வேலையிலிருந்து நீங்கியபின் 15 ஆண்டுகளுக்கோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை, காத்துவைக்க வேண்டும் என்று அம்மன்றம் ஆணையிட்டது. நோய் எத்துணைக் காலம் ஒளிந்திருக்கும் என்பதை அறிந்து வகுத்த விதி அது. ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஏடு உண்டு. சாலையோரத்து ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பையனுக்கு ஏடு ஏது?

இவ்விடத்தில் எங்கள் ஊர்ப்புறத்தைப் பற்றி இரண்டொரு சொல். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் வட்டாரத்தின் உயிர்நாடி. அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனைக் காண வரும் வண்டிகளுக்கு எண்ணிக்கை இல்லை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதைக் காண வருவோரும் உண்டு. வண்டிகள் வரும் வழியில் ஒர்க் ஷாப்புகளும் வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளும் இருப்பது இயல்புதானே. கோடை விடுமுறையில் அவற்றில் வேலைக்குச் செல்லும் மாணவர்கள் உண்டு. அதைக் குறை கூறேன். கைத்தொழில் அறிவதும் கல்வியே.

ஆனால் அங்கு ஒருநாள் கண்ட காட்சி என்னை வருத்தியது. தொண்டூரிலிருந்து பதினோராம் வகுப்புக்குச் செல்லும் ஒரு பையன், பழைய வேன் ஒன்றின் பின்சக்கர டிரம்மைக் கழற்றிச் சுத்தியலால் தட்டினான். பிறகு கம்ப்ரஸர்க் குழாயை எடுத்து உள்ளே இருந்த பொடியைக் காற்றால் ஊதினான். கரும்புகை போல ஒரு மேகம் எழுந்து கொட்டகை முழுவதும் பரவியது. அவன் முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு. “துண்டு கட்டியிருக்கிறேனே ஐயா!” என்று சிரித்தான். அத்துண்டின் இழைகளுக்கிடையே உள்ள துளை, அந்தத் துகளுக்குக் கோட்டை வாயில் போன்றது. துண்டு வியர்வையைத் துடைக்கும், நுண்பொடியைத் தடுக்காது.

அவ்வேனின் லைனிங்கில் கல்நார் இருந்ததா? அதனை அவனும் அறியான், நானும் அறியேன், முதலாளியும் அறியார். இன்று கல்நார் இல்லாத லைனிங்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும் பழைய வண்டியில் முன்பு யார், எதைப் பொருத்தினார்களோ! கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ கல்நாரைக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே, திறக்கும் ஒவ்வொரு டிரம்மிலும் அது இருப்பதாகவே கொண்டு வேலைசெய்வதுதான் அறிவுடைமை. அமெரிக்க அரசு 1994-இல் தன் ஒர்க் ஷாப்புகளுக்கு வகுத்த விதியும் இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததே. பிரேக்குப் பொடியைக் காற்றால் ஊதக்கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக்கூடாது. நனைத்து எடுப்பது அவ்விதி ஏற்கும் முறைகளுள் ஒன்று.

நனைப்பது எப்படி? டிரம்மின் கீழே ஓர் அகன்ற தட்டை வையுங்கள். சோப்புக் கலந்த நீரை, விசையின்றி, மெல்லிய ஒழுக்காக விடுங்கள். டிரம்மை முழுதும் கழற்றுமுன் அதன் விளிம்பு வழியே நீர் உட்செல்லட்டும். கழற்றிய பின் பிரேக் ஷூவும் அடித்தட்டும் நன்கு நனையட்டும். பின்னர் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் தட்டில் சேர்ந்த சேற்றையும் ஈரம் உலருமுன் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டிவிடுங்கள். அதைத் துவைத்து மறுபடி பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். துண்டுக்கு மாற்றாக என்-95 வகை முகக்கவசம் நலம். கல்நார் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அதுவும் போதாது, அவ்வேலை உரிய கருவிகள் உடையவர்களுக்கே உரியது. வீட்டில் உள்ள சாதாரண வாக்குவம் கருவி நுண்துகளைப் பின்புறமாகக் காற்றில் திருப்பி விட்டுவிடும். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றாமல் வீட்டுக்குச் சென்று தம்பி தங்கையரைத் தூக்குவதும் கூடாது. கல்நார்த் தொழிலாளரின் ஆடைகளைத் துவைத்த மனைவியர்க்கும் அந்நோய் வந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

வீட்டு வாசலில் தந்தையின் காரைக் கழுவுவோருக்கு இத்துணை அச்சம் வேண்டுவதில்லை. அங்கு நீங்கள் எடுப்பது சக்கரத்தின் வெளிப்புறத்துப் பொடியை மட்டுமே. விதி அதேதான்: உலர்ந்தபடி துடைக்காதீர்கள். ஓடிவந்த வண்டியை நிழலில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை பொறுங்கள். கொதிக்கும் தட்டில் குளிர்நீர் பட்டால் அது கோணிவிடக் கூடும். ஊற்றிய மருந்தும் காய்ந்து கறையாகிவிடும். ஆறியபின் முதலில் மெல்லிய நீரால் நனையுங்கள். எடுத்த எடுப்பில் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் வேகமாய் அடித்தால், பொடி திவலையோடு கலந்து உங்கள் முகத்துக்கே திரும்பும். பிறகு கார் கழுவும் சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சக்கரத்துக்கு ஒரு வாளி, ஒரு துணி. வண்டியின் உடலுக்கு வேறு. சக்கரத் துணியில் ஒட்டிய இரும்புத் துகள் கதவின் வண்ணத்தைக் கீறும்.

சோப்புக்குப் போகாத பழுப்புப் புள்ளிகள் சில சக்கரங்களில் இருக்கும். சூடான இரும்புத் துகள்கள் பூச்சில் பதிந்து துருப்பிடித்த அடையாளம் அவை. இங்கேதான் இளைஞர்கள் தவறான புட்டியை எடுக்கிறார்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்ப்போர் உண்டு. அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக்கூடாது, சோடாப்போட்டால் கறுத்துவிடும் என்பதை உங்கள் தாயார் நன்கு அறிவார். அமிலம், காரம் இரண்டும் அவ்வுலோகத்தை அரிக்கும். சமையலறைக்குத் தெரிந்த இரசாயனம் சக்கரத்தண்டை வந்ததும் மறந்துவிடுவது ஏனோ!

சக்கரத்தின் கேடு சிறிது. கையின் கேடு பெரிது. விரைவில் பளபளப்பாக்கும் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ, அதனை உண்டாக்கும் அம்மோனியம் பைபுளூரைடோ இருக்கும். பிற அமிலங்கள் பட்டவுடன் சுடும், கையை இழுத்துக்கொள்வோம். நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலமோ உடனே சுடுவதில்லை. தோலினூடே ஆழ இறங்கி, உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். தாங்கொணா வலி சில மணி நேரம் கழித்தே தெரியலாம். பட்டுவிட்டால் ஏராளமான நீரால் கழுவி, வலி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கால்சியம் குளுகோனேட்டுக் களிம்பு அதற்குரிய மருந்து. போகும்போது புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர்ச்சீட்டே இல்லாத புட்டியை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழுப்புப் புள்ளிக்கு நல்ல மாற்று உண்டு. தயோகிளைக்காலேட்டு உப்பு கலந்த நடுநிலைத் திரவம் இரும்போடு கூடி ஊதா நிறமாகும். அந்நிறமே வேலை நடக்கிறது என்பதற்கு அறிகுறி. முடிதிருத்தகங்களில் கூந்தலைச் சுருட்டப் பயன்படும் இரசாயனமும் இந்த இனமே. நாற்றம் கடுமையானது, திறந்த வெளியில், கையுறையோடு, உலருமுன் கழுவிவிட வேண்டும்.

கழுவிய நீர் எங்கே செல்கிறது? செஞ்சி மலைப்பகுதியில் விழும் நீர் சங்கராபரணியில் சேர்ந்து வீடூர் அணைக்கும், அதற்கப்பால் புதுவைக் கடலோரத்துக்கும் போகிறது. பிரேக்குப் பொடியின் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே 2010-இல் சட்டம் இயற்றி, பேட்டில் உள்ள செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய யூரோ 7 விதி, புகைக்கு மட்டுமன்றிப் பிரேக்குப் பொடிக்கும் வரம்பு கட்டியது: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைத் தணித்து மின்சாரம் ஆக்குவதால் பேட் தேய்வது குறைவு. எது எப்படியாயினும் வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வண்டி கழுவுவதை விட்டு, மண்தரையிலோ கசடு தங்கும் தொட்டியுள்ள கொட்டகையிலோ கழுவுங்கள்.

கடைசியாக, சக்கரம் பளபளக்க எண்ணெயோ மெழுகோ பூசுவோர் அதன் துளியும் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்ட பிரேக்கு பிடிக்காது. ஈரமான பிரேக்கும் முதலில் சற்று வழுக்கும். ஆகவே கழுவி முடித்தபின், ஓட்டுநர் உரிமம் உடைய ஒருவர் ஆளில்லா இடத்தில் வண்டியை மெதுவாகச் செலுத்தி, இரண்டு மூன்று முறை பிரேக்கை மெல்ல அழுத்தி ஈரம் போக்கிய பின்னரே அதனைச் சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.